குவாங்சோ கிளப்பை மூழ்கடித்தது எவர்கிராண்டின் கடன் மட்டும்தானா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது: "எட்டு முறை சீன லீக் சாம்பியன், இரண்டு முறை ஆசிய சாம்பியன். அப்படிப்பட்ட குவாங்சோ கால்பந்து கிளப்பை 2025 ஜனவரியில் ஒரேயடியாகக் கலைத்துவிட்டார்கள். முதலாளியான எவர்கிராண்ட் என்ற வீட்டுமனை நிறுவனம் கவிழ்ந்ததுதான் காரணமா, வேறு ஏதாவது உண்டா? இனிமேல் அந்த கிளப் திரும்பி வருமா?" இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வாராவாரம் நாற்பதாயிரம் பேர் வந்து பார்த்த ஒரு கிளப், முதலாளி போனதும் நிற்க முடியாமல் போனது ஏன்? அதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் தணிக்கைத் துறையில் இருப்பவன். விளையாட்டு கிளப்புகளின் ஆண்டுக் கணக்குகளைப் படிப்பது பல வருடங்களாக என் வேலையின் ஒரு பகுதி. ஆட்டத் தந்திரங்களைப் பற்றி என்னைவிடப் பயிற்சியாளர்கள் நன்றாகச் சொல்வார்கள். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதில்தான் என்னால் உறுதியாகப் பேச முடியும். வசதியாக, குவாங்சோ கிளப் சில ஆண்டுகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. அதனால் மற்ற சீன கிளப்புகளுக்குக் கிடைக்காத அளவுக்கு இதன் கணக்கு வெளியே தெரியும்.

சுருக்கமான பதில்: எவர்கிராண்ட் விழாமல் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்காது. ஆனால் எவர்கிராண்டோடு சேர்ந்து கிளப்பும் விழுந்தாக வேண்டும் என்ற நிலை, கோப்பைகள் குவிந்த வருடங்களிலேயே உருவாகிவிட்டது. அதற்கு முன்னாலேயே அதன் விதை இருந்தது என்றும் சொல்லலாம். அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

பலரும் நினைப்பதுபோல இது 2010இல் பிறந்த கிளப் இல்லை. 1954இல் அரசு விளையாட்டுத் துறையின் கீழ் நகர அணியாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் சீனாவில் எல்லா அணிகளும் அப்படித்தான்: ஆட்டக்காரர்களுக்கு அரசு சம்பளம், அரசு விடுதி, அரசு மைதானம். 1984இல் குவாங்சோவின் பையுன்ஷான் மருந்து நிறுவனம் பணம் கொடுத்துத் தன் பெயரை அணியோடு சேர்த்துக்கொண்டது. சீனக் கால்பந்தில் வணிக ஸ்பான்சர்ஷிப் தொடங்கியது ஏறக்குறைய அங்கிருந்துதான். 1992இல் சீனக் கால்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்துக்கு மாறுவது என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே, நகர விளையாட்டுத் துறையும் சத்து டானிக் தயாரித்து விற்ற தையாங்ஷென் என்ற நிறுவனமும் சேர்ந்து இந்த அணியை முழுத் தொழில்முறை கிளப்பாக மாற்றின. நாட்டிலேயே அப்படி மாறிய முதல் கிளப் இது. 1994இல் நடந்த முதல் தொழில்முறை லீக்கில் தாலியனுக்கு அடுத்து இரண்டாம் இடம். அந்த சீசனில் அதிக கோல் அடித்தவரும் குவாங்சோ ஆட்டக்காரர்தான்: 17 கோல் அடித்த ஹூ ஜிஜுன்.

அப்புறம் சரிவு. 1998இல் கடைசி இடம், இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். அதற்குப் பிறகு சுமார் பத்து ஆண்டுகள் கிளப்பின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 2001இல் கார் நிறுவனமான ஜீலி வந்தது. அதன் தலைவர் லி ஷூஃபூ, நடுவர்கள் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று வெளிப்படையாகப் புகார் சொல்லிவிட்டு, அந்த வருடமே விலகிக்கொண்டார். அந்த விவகாரத்தில் பின்னர் ஒரு நடுவர் சிறைக்கே போனார். ஜீலிக்குப் பிறகு ஷியாங்ஷுவே, ரிஜிசுவான் என்று வேறு நிறுவனங்கள். 2006இல் அரசுக்குச் சொந்தமான குவாங்சோ மருந்துக் குழுமம் எடுத்து நடத்தியது. 2007இல் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாகி, 2008இல் முதல் டிவிஷனான சூப்பர் லீக்குக்குள் வந்தது.

இந்தப் பெயர்ப் பட்டியலை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறையும் கிளப்பின் பெயரே விளம்பரப் பலகையாகக் கைமாறியது. சீனாவில் முதலாளிகள் கிளப்பை வாங்கியதன் முக்கியக் காரணங்களில் ஒன்று, தங்கள் நிறுவனத்தின் பெயர் வாரம் ஒரு முறை டிவியிலும் செய்தித்தாளிலும் அடிபடும் என்பதுதான். டிக்கெட், பனியன் விற்பனை, ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றிலிருந்து கிளப் தானே சம்பாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் வரவில்லை. விளம்பரச் செலவாக எழுதிக்கொண்டால் நஷ்டம் நஷ்டமாகத் தெரியாது. பல நகரங்களிலும் இதே கதைதான். குவாங்சோவில் இது மிகப் பெரிய அளவில் நடந்தது, அவ்வளவுதான்.

2009 இறுதியில் சீனக் கால்பந்தில் ஆட்ட சூதாட்ட விசாரணை வெடித்தது. 2006இல் ஒரு ஆட்டத்தில் குவாங்சோ தரப்பிலிருந்து லஞ்சம் போனது வெளிப்பட, 2010 பிப்ரவரியில் கிளப்பை மறுபடியும் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். சூப்பர் லீக்கில் ஒன்பதாவதாக வந்து, தண்டனையால் கீழே போன, கெட்ட பெயர் எடுத்த ஒரு கிளப். அந்த நேரத்தில்தான், 2010 மார்ச் 1 அன்று, எவர்கிராண்ட் அதை 10 கோடி யுவானுக்கு வாங்கியது. அப்போதைய மதிப்பில் அது ஒன்றரைக் கோடி டாலருக்கும் கொஞ்சம் குறைவு. ஐரோப்பாவில் சுமாரான ஒரு முன்கள ஆட்டக்காரரின் விலை.

எவர்கிராண்ட் 1996இல் குவாங்சோவில் தொடங்கிய வீட்டுமனை நிறுவனம். அதன் தலைவர் சூ ஜியாயின். 2009 நவம்பரில் ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிட்டிருந்தார்கள். அதே ஆண்டு பெண்கள் வாலிபால் கிளப் ஒன்றைத் தொடங்கி, உலகப் புகழ்பெற்ற லாங் பிங்கைக் கோச்சாக அமர்த்தினார்கள். விளையாட்டின் மூலம் பெயர் வாங்கும் வழியைக் கால்பந்துக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. நகர அரசைக் குளிர்வித்தால் நிலம் எளிதாகக் கிடைக்கும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அது ஊகம்தான். ஆவணத்தில் இருப்பது விளம்பர நோக்கம் மட்டும்.

பணம் கொட்டத் தொடங்கியதும் மாற்றம் உடனே தெரிந்தது. தென்கொரியாவின் லீ ஜாங்-சூ கோச்சாக வந்தார். தேசிய அணியின் ஜெங் ஜி, காவ் லின், சுன் ஷியாங் மூவரும் இரண்டாம் டிவிஷனில் விளையாட வந்தார்கள். பிரேசிலிலிருந்து முரிக்கி. அந்த சீசனில் நாஞ்சிங் அணியை 10-0 என்று அடித்து, சாம்பியனாகி மேலே ஏறினார்கள். 2011இல் சூப்பர் லீக்குக்குத் திரும்பிய முதல் வருடமே பட்டம். சீசன் நடுவில் பிரேசிலின் புளுமினென்ஸி கிளப்பிலிருந்து அர்ஜென்டினாக்காரர் தாரியோ கொன்காவை வாங்கினார்கள். சுமார் ஒரு கோடி டாலர் டிரான்ஸ்பர் தொகை. உலகிலேயே அதிக சம்பளம் வாங்கும் சிலரில் அவர் ஒருவர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்தச் சம்பள எண்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வரிக்கு முன்பா பின்பா, போனஸ் சேர்த்தா சேர்க்காமலா என்று ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். உறுதியாகத் தெரிந்தது போனஸ் திட்டம்: வென்றால் அணிக்கு 50 லட்சம் யுவான், டிரா என்றால் 10 லட்சம், தோற்றால் 30 லட்சம் அபராதம். ஒரே ஒரு லீக் ஆட்டத்துக்கு இவ்வளவு. எந்த டிக்கெட் வசூலும் இதற்கு ஈடு கொடுக்காது.

2012 மார்ச்சில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் முதல் முறையாக இறங்கியபோது, கொரிய சாம்பியன் ஜியோன்புக்கை அவர்கள் ஊரிலேயே 5-1 என்று வென்றார்கள். ஆசியாவே திரும்பிப் பார்த்த ஆட்டம் அது. சீன கிளப் ஒன்று கொரியாவுக்குப் போய் அப்படி விளையாடும் என்று அன்றைக்கு யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில், உலகக் கோப்பை வென்ற கோச் மார்செல்லோ லிப்பி வந்துவிட்டார். அந்த ஆண்டு லீக் பட்டம், சீனக் கால்பந்துச் சங்கக் கோப்பை இரண்டும் கிடைத்தன. 2013இல் ஆசிய இறுதிப்போட்டி. எதிரணி தென்கொரியாவின் எஃப்சி சியோல். அவர்கள் ஊரில் 2-2. நவம்பர் 9 அன்று குவாங்சோவின் சொந்த மைதானமான தியன்ஹேயில் 1-1, எல்கெசன் அடித்த கோல். மொத்தத்தில் சமன் என்பதால், எதிரணி ஊரில் அதிக கோல் அடித்தவர் என்ற கணக்கில் கோப்பை. 1990இல் லியாவோனிங் வென்றதற்குப் பிறகு ஒரு சீன கிளப் ஆசிய சாம்பியனாவது அதுதான் முதல் முறை. முரிக்கி 13 கோலோடு தொடரின் முதலிடம். கேப்டன் ஜெங் ஜிக்கு அந்த ஆண்டின் ஆசியச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2015இல் துபாயின் அல் அஹ்லியை வென்று இரண்டாவது ஆசியக் கோப்பை. மறுபடியும் தியன்ஹே, மறுபடியும் எல்கெசன், 1-0. அப்போது கோச் பிரேசிலின் ஸ்கோலாரி.

இந்த வெற்றிகளைப் பணத்தால் வாங்கியவை என்று ஒதுக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே காலத்தில் சீனாவில் வேறு கிளப்புகளும் பணத்தை இறைத்தன, ஆசியாவை வெல்லவில்லை. இங்கே தேசிய அணியின் முதுகெலும்பாக இருந்த சீன ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் சேர்ந்து விளையாடினார்கள். கோப்பையைத் தூக்கியதில் பாதி பங்கு அவர்களுடையது. 2012இல் குவாங்சோவுக்குப் பக்கத்து நகரமான சிங்யுவானில் ஒரு பெரிய கால்பந்துப் பள்ளியையும் ரியல் மாட்ரிட் உதவியோடு திறந்தார்கள். கிளப்பின் கடைசி வருடங்களில் அந்தப் பள்ளிதான் கைகொடுத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கணக்கு. 2014 ஜூனில் இணைய வணிக நிறுவனமான அலிபாபா 120 கோடி யுவான் கொடுத்து கிளப்பில் 50 சதவீதம் வாங்கியது. நான்கு வருடத்துக்கு முன் 10 கோடிக்கு வாங்கிய கிளப்புக்கு 240 கோடி மதிப்பு. 2015இல் சீனாவின் சிறு நிறுவனங்களுக்கான பங்குச் சந்தையான 'புதிய மூன்றாம் பலகை'யில் பட்டியலிட்டார்கள். அதனால் ஆண்டறிக்கை வெளியிட்டே ஆக வேண்டும். அதில் 2015ஆம் ஆண்டின் நஷ்டம் சுமார் 95 கோடி யுவான். ஒரு யுவானை அன்றைய மதிப்பில் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 950 கோடி ரூபாய். அது ஆசியக் கோப்பையும் லீக் பட்டமும் வென்ற வருடம்! ஒரு கிளப்பால் ஆசியாவில் அதற்கு மேல் எதுவும் வெல்ல முடியாது. அப்படியும் இவ்வளவு நஷ்டம். பட்டியலில் இருந்த காலத்தில் ஒரு வருடம்கூட லாபம் காட்டவில்லை. 2018, 2019 இரண்டு வருடமும் நஷ்டம் 180 கோடி யுவானைத் தாண்டியது. 2019இல் எட்டாவது லீக் பட்டம் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு தணிக்கையாளர் இந்த அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் கேட்பது, வருமானம் யாரிடமிருந்து வருகிறது என்பதைத்தான். வெளியாளிடமிருந்து வரும் பத்து ரூபாய்க்கு இருக்கும் பலம், முதலாளியின் இன்னொரு நிறுவனத்திலிருந்து வரும் நூறு ரூபாய்க்கு இல்லை. குவாங்சோவில் பனியன் விளம்பரமே இதைக் காட்டிக்கொடுத்தது. 2013 ஆசிய இறுதிப்போட்டியில் அவர்கள் மார்பில் இருந்தது எவர்கிராண்ட் அப்போதுதான் அறிமுகப்படுத்திய மினரல் வாட்டரின் பெயர். 2015 இறுதிப்போட்டியில் இன்னும் மோசம். ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தோங்ஃபெங் நிசான் கார் விளம்பரத்தை எடுத்துவிட்டு, எவர்கிராண்டின் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோடு களமிறங்கினார்கள். கார் நிறுவனம் வழக்குப் போட்டது. வெளியிலிருந்து காசு கொடுக்கும் ஒரு வாடிக்கையாளரை, கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்தில் இப்படி நடத்தினால் அடுத்த வெளியாள் எப்படி வருவார்? கிளப்பின் வியாபாரப் பக்கத்தில் நடந்த மிகப் பெரிய தவறு இது என்பது என் தீர்மானமான கருத்து.

ஒளிபரப்புப் பணம் காப்பாற்றியிருக்காதா என்று கேட்கலாம். 2015இல் சூப்பர் லீக்கின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 800 கோடி யுவானுக்குப் போனது. கேட்க மலைப்பாக இருக்கும். 16 கிளப்புகளுக்குச் சமமாகப் பிரித்தால், ஒரு கிளப்புக்கு ஆண்டுக்குப் பத்து கோடி. குவாங்சோவின் 2015 நஷ்டத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த ஒப்பந்தமும் பின்னர் நீட்டித்து, திருத்தி, கடைசியில் 2021இல் முறிந்தே போனது.

செலவு ஏன் இவ்வளவு ஏறியது என்பதற்கு குவாங்சோவை மட்டும் குறை சொல்ல முடியாது. 2015இல் அரசு கால்பந்துச் சீர்திருத்தத் திட்டத்தை வெளியிட்டது. மேலிடத்துக்குக் கால்பந்து பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததும், பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. 2016 தொடக்கத்தில் குவாங்சோ அட்லெட்டிகோ மாட்ரிட்டின் ஜாக்சன் மார்ட்டினெஸை 4.2 கோடி யூரோவுக்கு வாங்கியது. காயத்தால் அவர் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ஆனால் அதே கிளப், 1.4 கோடிக்கு வாங்கிய பவுலினியோவை 2017இல் பார்சிலோனாவுக்கு 4 கோடி யூரோவுக்கு விற்றது. ஒரு ஆட்டக்காரரை ஐரோப்பாவுக்கே லாபத்தில் விற்க முடியும் என்று காட்டிய அபூர்வமான தருணம் அது. அதை ஒரு வழக்கமாக வளர்க்க யாரும் முயலவில்லை.

2017 ஜூனில் கால்பந்துச் சங்கம் கடிவாளம் போட்டது: நஷ்டத்தில் இருக்கும் கிளப் 4.5 கோடி யுவானுக்கு மேல் கொடுத்து வெளிநாட்டுக்காரரை வாங்கினால், அதே தொகையை இளையோர் வளர்ச்சி நிதிக்கும் கட்ட வேண்டும். 2020 டிசம்பரில் சம்பள உச்சவரம்பும் வந்தது. சீன ஆட்டக்காரருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் யுவான், வெளிநாட்டவருக்கு 30 லட்சம் யூரோ. கூடவே, கிளப் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கக் கூடாது என்ற விதி. அதனால்தான் 'எவர்கிராண்ட் தாவ்பாவ்' (தாவ்பாவ் என்பது அலிபாபாவின் விற்பனைத் தளம்) என்ற பெயர் போய், 2021இல் வெறும் 'குவாங்சோ' ஆனது. விதிகள் சரியானவைதான், காலம்தான் தவறு. பெயர் போனால் முதலாளிக்கு விளம்பரப் பயனும் போகிறது. அதே சமயத்தில் கொரோனாவால் ஆட்டங்கள் ஒரு சில நகரங்களில் பூட்டிய வளாகங்களுக்குள் நடந்தன. சொந்த மைதானமும் இல்லை, டிக்கெட் வசூலும் இல்லை.

இதற்கு நடுவில், 2020 ஏப்ரலில், ஒரு லட்சம் இருக்கைகளோடு தாமரை வடிவத்தில் 1,200 கோடி யுவான் செலவில் புது மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2021இல் எவர்கிராண்ட் கடனைக் கட்ட முடியாமல் தடுமாறியபோது உலகத்துக்கே அதிர்ச்சி. மொத்தக் கடன் பொறுப்பு 30,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. மைதான வேலை நின்றது. 2022இல் அந்த நிலத்தின் உரிமையை நகர அரசிடமே சுமார் 550 கோடி யுவானுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதைய கோச், இத்தாலியின் கன்னவாரோ, 2021 செப்டம்பரில் போனார். சீனக் குடியுரிமை கொடுத்து வைத்திருந்த பிரேசில் ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். 2022 ஆசிய லீக்குக்கு இளையோர் அணியை அனுப்பினார்கள். ஆறு ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இரண்டு முறை ஆசியக் கோப்பை வென்ற கிளப்! அந்த ஆண்டு கடைசியில் 18 அணிகளில் 17ஆவதாக வந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. சூ ஜியாயின் 2023 செப்டம்பரில் காவலில் எடுக்கப்பட்டார். 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் எவர்கிராண்டைக் கலைக்க உத்தரவிட்டது.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முதலாளி முழுவதும் முடங்கிய பிறகும் கிளப் மூன்று சீசன் ஓடியது. சிங்யுவான் பள்ளியில் வளர்ந்த பையன்களை வைத்து, மிகக் குறைந்த செலவில் ஓடியது. 2023இல் தட்டுத்தடுமாறி 12ஆம் இடம். 2024இல் மூன்றாம் இடம்! இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் சூப்பர் லீக்குக்குத் திரும்பியிருக்கும். அன்றாட நடப்பைப் பொறுத்தவரை, 2024இன் குவாங்சோ முன்னெப்போதையும்விட ஒழுங்காக, கைக்கு எட்டிய அளவில் நடந்த கிளப் என்றே சொல்வேன். அதை முடித்தது பழைய பாக்கி. முன்பு ஆடியவர்களுக்கும் பணியாளர்களுக்கும் தர வேண்டிய சம்பளம், மற்றவர்களுக்குத் தர வேண்டிய தொகைகள். சீனக் கால்பந்துச் சங்கம் பழைய நிலுவையைத் தீர்க்கக் கட்டம் கட்டமாக அவகாசம் கொடுத்தது. தீர்க்காத கிளப்புக்கு அடுத்த சீசனில் தொழில்முறை லீக்கில் ஆடுவதற்கான லைசென்ஸ் கிடையாது. 2025 ஜனவரி 6 அன்று லைசென்ஸ் பட்டியல் வந்தபோது குவாங்சோவின் பெயர் இல்லை. பழைய கடன் சுமை மிகப் பெரியது, திரட்டிய பணம் அதைத் தீர்க்கப் போதவில்லை என்று கிளப்பே அறிக்கை விட்டு ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஆக, 2024இல் ஓடியாடிய இளைஞர்கள், தாங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் யாரோ ஒப்புக்கொண்ட சம்பளங்களுக்கு விலை கொடுத்தார்கள். இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த விதியே கொடுமை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரருக்கு வேறு பாதுகாப்பு கிடையாது. லைசென்ஸ் என்ற ஒன்றை வைத்து மிரட்டினால்தான் கிளப்புகள் பாக்கியைக் கட்டுகின்றன. குறை வேறு இடத்தில்: இந்தக் கண்டிப்பு 2011இலேயே இருந்திருந்தால், தன் வருமானத்தைவிடப் பல மடங்கு சம்பளம் எழுதிக்கொடுக்க எந்த கிளப்பையும் விட்டிருக்க மாட்டார்கள்.

சரி, வேறு யாராவது வாங்கியிருக்க முடியாதா? அலிபாபா இருந்ததே? அலிபாபாவின் பங்கு பின்னர் நாற்பது சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. பங்குதாரர் என்பதற்காக கிளப்பின் கடனை அடைக்க வேண்டிய சட்டக் கடமை எதுவும் அவர்களுக்கு இல்லை. நகர அரசு எடுத்திருக்கலாமே என்பது இன்னும் நல்ல கேள்வி. ஏனென்றால் ஹெனானில் அப்படித்தான் நடந்தது. அங்கேயும் முதலாளி வீட்டுமனை நிறுவனம்தான், ஜியான்யே. 2021 தொடக்கத்தில், நிலைமை கைமீறுவதற்கு முன்பே, ஜெங்ஜோ நகரமும் லுவோயாங் நகரமும் 70 சதவீதத்தை எடுத்துக்கொண்டன. ஜியான்யேவிடம் 30 மட்டும் மிஞ்சியது. அந்த கிளப் இன்றும் சூப்பர் லீக்கில் இருக்கிறது. குவாங்சோவில் ஏன் அப்படி நடக்கவில்லை என்பதற்கு நான் சொல்வது என் அனுமானம்: கிளப்பின் கடன் ஹெனானைவிட எத்தனையோ மடங்கு பெரியது. அதோடு, எவர்கிராண்டின் சொத்து ஒவ்வொன்றின் மீதும் வீடு கிடைக்காத வாடிக்கையாளர்களும் கடன் கொடுத்தவர்களும் கண் வைத்திருந்தார்கள். பாதியில் நின்ற வீடுகளுக்கே பதில் சொல்ல வேண்டிய ஒரு அரசு, கால்பந்து ஆட்டக்காரர்களின் பழைய சம்பளத்தை முதலில் கொடுத்தால் மக்கள் எப்படி ஏற்பார்கள்?

குவாங்சோ தனியாகவும் போகவில்லை. ஜியாங்சு கிளப் 2020 நவம்பரில் இதே குவாங்சோவை இறுதிப்போட்டியில் வென்று சாம்பியனானது. மூன்றே மாதத்தில், 2021 பிப்ரவரி 28 அன்று, முதலாளி சுனிங் அதை இழுத்து மூடிவிட்டது. சோங்சிங், ஹெபெய், ஊஹான், ஷென்ஜென், தாலியன் என்று வரிசையாகப் பல கிளப்புகள் மறைந்தன. குவாங்சோவின் இன்னொரு கிளப்பான ஆர் அண்ட் எஃப், பின்னாளில் 'குவாங்சோ சிட்டி', அதுவும் 2023இல் போய்விட்டது. அதுவும் வீட்டுமனை நிறுவனத்தின் கிளப்தான். எட்டுப் பட்டம் வென்ற பழைய தாலியன் கிளப் 2013இலேயே காணாமல் போனது. எட்டுப் பட்டம் என்ற சாதனையைப் பகிர்ந்துகொண்ட இரண்டு கிளப்புகளுமே இன்று இல்லை.

கடைசியாக, திரும்பி வருமா என்ற கேள்வி. அந்த நிறுவனம் வராது. லைசென்ஸ் போன பிறகு அதே பெயரில் யாராவது தொடங்கினாலும் அது புது கிளப்தான், கீழ் மட்டத்திலிருந்து ஏறி வர வேண்டும். எட்டு லீக் பட்டங்களும் இரண்டு ஆசியக் கோப்பைகளும் அதன் கணக்கில் சேராது. ஆனால் நகரத்தில் தொழில்முறைக் கால்பந்து முடிந்துவிடவில்லை. 'குவாங்டாங் குவாங்சோபாவ்' என்ற வேறொரு புதிய கிளப் 2024இல் மூன்றாம் டிவிஷன் சாம்பியனாகி, 2025இல் இரண்டாம் டிவிஷனுக்கு வந்திருக்கிறது. பழைய ரசிகர்களில் சிலர் அங்கே போகிறார்கள், சிலர் அதைத் தங்கள் அணியாக ஏற்க மறுக்கிறார்கள். இரண்டு தரப்பையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கேள்வி கேட்டவர் அந்த கிளப்பைப் பின்தொடர நினைத்தால், எந்த ஆட்டக்காரரை வாங்கினார்கள் என்பதோடு, ஒவ்வொரு ஜனவரியிலும் வெளியாகும் லைசென்ஸ் பட்டியலையும், சம்பள பாக்கி பற்றிச் சங்கம் விடும் அறிவிப்புகளையும் பார்த்துவரச் சொல்வேன். குவாங்சோவின் சரிவு புள்ளிப் பட்டியலில் தெரிவதற்கு வெகு முன்பே ஆண்டறிக்கையில் தெரிந்துவிட்டது.